வெள்ளைத் துணியில் சுற்றிய தலையணை

போன வருஷம், தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று எழும்புவதற்குக் கொஞ்சம் முந்தி நடந்தது இது. எங்கள் ஊர் கற்பிட்டிக் குடாநாட்டில், மாம்புரியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்கிற உப்பங்கழி, நடுவில் வெங்காயமும் மிளகாயும் விளைகிற மணல். அங்கே ஒரு சின்னப் பாலர் பாடசாலையில் நான் டீச்சர். நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம்கூடப் பாதிதான் சொன்னேன், மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் படம் வரைய வரும். யாரிடமும் படித்ததில்லை, தானாக வந்தது. கல்யாண வீட்டு மணவறைக்குப் பூ வரைய, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அணிகளின் இல்லம் சோடிக்க, படகுக்குப் பெயர் எழுத என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போய் நிற்பேன். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் ஊரையே இழுத்துக்கொண்டு போகிற குணம் எனக்கு. நான் சந்தியில் வருவதைக் கண்டால், "டீச்சர் வாறா, ஏதோ வேல வெச்சிருக்கிறா, ஓடுங்க" என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள். அதையும் நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பாலர் பாடசாலையில் எனக்கு உதவிக்கு ஒரு ராத்தா இருந்தார். அக்காவை எங்கள் பக்கத்தில் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவது, கடலை அவிப்பது, வகுப்பைக் கூட்டுவது, உம்மாவைத் தேடி அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவது எல்லாம் அவர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் கதைக்க மாட்டார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்துவிடுவேன்.

அவர் 'கேம்ப்' ஆள். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து கடல் வழியாக எங்கள் கரையில் வந்து இறங்கிய சனங்கள் ஓலைக்கொட்டில் போட்டிருந்த இடம்தான் கேம்ப். இப்போது அங்கே கொட்டிலும் இல்லை, ஓலையும் இல்லை. கல்வீடுகள், பள்ளிவாசல், கடை எல்லாம் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே இன்றைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் வாயில் அது கேம்ப், அவர்கள் கேம்ப் ஆக்கள். அந்தச் சொல்லைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவர்கள் வந்தபோது நான் சின்னப் பிள்ளை. எங்கள் ஊர்ப் படகுகள் போய்ச் சனங்களை ஏற்றி வந்தன. மீன்பிடிகாரரான என் வாப்பாவும் தன் படகை எடுத்துக்கொண்டு போனார். உம்மா பெரிய சட்டியில் சோறாக்கியதும், முன்பின் தெரியாத பிள்ளைகள் எங்கள் விறாந்தையில் வரிசையாகப் படுத்திருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. வாப்பா மவுத்தாகி, அவரை அடக்கி வெகு காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கதையை எங்கள் வீட்டில் சொல்லாத பெருநாள் இல்லை. சொல்லச் சொல்ல அலையும் உயர்ந்தது, வாப்பாவும் உயர்ந்தார். ராத்தாவிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் கடலையைக் கிளறிக்கொண்டே "ஓம் டீச்சர்" என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேறொரு நாட்டிலிருந்து துரத்தப்பட்ட சனங்கள் கைக்குழந்தைகளோடு படகில் எங்கள் நாட்டுக் கரைக்கு வந்து சேர்ந்த செய்தி வந்தது அல்லவா, அந்த நாட்களில் போனைத் திறந்தால் பார்க்க முடியாது, அவ்வளவு அசிங்கம். "நமக்கே தின்ன இல்ல, திருப்பி அனுப்புங்க" என்று எங்கள் ஊர்ப் பொடியன்களே எழுதினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊர்ப் பெண்களையும் கேம்ப் பெண்களையும் ஒன்றாகக் கூட்டினேன். உடுப்பு, பால்மா, சவர்க்காரம் சேர்த்தோம். தையல் தெரிந்தவர்கள் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே பாயில் இருந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ராத்தாவும் வந்திருந்து ஒவ்வொரு சட்டைக்கும் பொத்தான் வைத்தார். சாமான்கள் லொறியில் போன பிறகும் யாருக்கும் கலைந்து போக மனமில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

எங்கள் பாலர் பாடசாலையின் மதில் நீளமானது. சந்தியிலிருந்து வாசல் கேற் வரைக்கும் வீதியோரமாகவே வரும். அதில் ஒரு படம் வரைவோம், நம்முடைய ஊர் ஒருகாலம் அகதிகளை எப்படி வரவேற்றது என்று காட்டுவோம், போனில் எழுதுகிற பொடியன்களுக்குப் புத்தி வரட்டும் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். என்ன வரைவது என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

நடுவில் ஒரு படகு. வாப்பாவின் படகுக்கு அடித்திருந்த அதே பச்சையும் மஞ்சளும். பின்னால் செக்கச்செவேலென்று பொழுது இறங்குகிறது. கரையில் எங்கள் ஊர்ச் சனம் கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. படகின் முன்பக்கத்தில் ஒரு தாய், அவள் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை. மேலே பெரிய எழுத்தில், 'வாங்க, இது உங்கட ஊர்'. கடற்கரை ஊர்க்காரர் யாரிடம் தூரிகையைக் கொடுத்தாலும் இதைத்தான் வரைவார்கள். எங்களுக்குப் படகு என்றால் சோறு. படகு கரைக்கு வருகிறது என்றால் நல்ல சேதி வருகிறது. படகைக் கண்டு ஒருவர் பயப்படுவார் என்று எங்கள் புத்தியில் படவே படாது.

இரண்டு பக்கத்துப் பெண்களும் வந்து வானத்துக்கும் கடலுக்கும் நிறம் அடித்தார்கள். சனங்களை நான் வரைந்தேன். எல்லாம் வந்துவிட்டது, அந்தத் தாய் மட்டும் வரவில்லை. பிள்ளை ஏந்துகிற கை எனக்குச் சரியாக வரைய வருவதில்லை. ஒருநாள் காலை, பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ராத்தா சட்டி கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் படுக்கிற சின்னத் தலையணை ஒன்றை எடுத்து வெள்ளைத் துணியால் சுற்றி அவரிடம் கொண்டுபோனேன்.

"ராத்தா, இத பிள்ளய வெச்சிருக்கிற மாதிரி பிடிச்சிக்கிட்டு அங்கால வெயில்ல நில்லுங்க. நான் கையப் பார்த்துப் படம் கீறணும்."

அவர் தலையணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வேற ஆரையும் கூப்பிடுங்களேன் டீச்சர், எனக்கு அடுப்படில வேல கிடக்கு" என்றார். வேலை எங்கே ஓடிவிடப் போகிறது, வெட்கப்படாதீர்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். அவருக்கு வெட்கம் என்றுதான் நான் நினைத்தேன்.

முதலில் அவர் அதை உடம்பில் படாமல், சூடான சட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படியா ராத்தா? நாலு பிள்ள பெத்த ஆளுக்கு இத சொல்லியா தரணும்? நெஞ்சோட அணைச்சிப் பிடிங்க. முகத்தப் பாருங்க. தூங்குது எண்டு நினைச்சிக்கங்க" என்று சொல்லி, அவருடைய விரல்களை நானே பிடித்துத் துணியின் மேல் வைத்துவிட்டேன். பிள்ளைகள் ஓடி வந்து சுற்றி நின்று "ராத்தாட பேபி, ராத்தாட பேபி" என்று கைதட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அவர் பிடித்தார். ஒரு கை தலைக்குக் கீழே. மற்றக் கை துணியின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடினபடி. அப்படியே அசையாமல் நின்றார். நெற்றியில் வியர்வை வடிந்தது, துடைக்கவில்லை. நான் கீறி முடித்து "போதும் ராத்தா" என்று சொன்ன பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார். "அல்லாஹ்வே, என்ன நல்லா நடிக்கிறீங்க" என்றேன். தலையணையை மெதுவாகக் கதிரையில் படுக்க வைத்துவிட்டு அவர் அடுப்படிக்குப் போனார். அந்தக் கை படத்தில் அச்சாக வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

மதிலைத் திறந்து வைக்க ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். பக்கத்து ஊர்ப் பாதரும், பன்சலை ஹாமதுரு என்கிற பௌத்த பிக்குவும்கூட வந்தார்கள். கனமூலை ஊரிலிருந்துகூடச் சனம் வேன் பிடித்து வந்து படகுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் அந்தத் தாயைத்தான் பார்த்தார்கள், உயிர் இருக்கிறது என்றார்கள். கேம்ப் பெண்கள் "வடிவா இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு நேரத்தோடு கிளம்பிவிட்டார்கள். சமைக்கப் போகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ராத்தா அன்று முழுக்க உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார், வெளியே வரவே இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

கொஞ்ச நாள் போனது. பாலர் பாடசாலைக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஒருநாள் தோட்டக்காரர் கோபத்தோடு வந்து நின்றார். "டீச்சர், உங்கட ராத்தா நெடுக என்ட பாத்தியால நடந்து வாறா. கம்பி வேலியத் தூக்கிக்கிட்டுப் பூந்து வாறா. வெங்காயம் எல்லாம் மிதிபடுது. கேம்ப் ஆக்களுக்கு ரோட்டு இல்லையா?" என்று சத்தம் போட்டார். போய்ப் பார்த்தேன். ஈர மணலில் அவருடைய செருப்புத் தடம் வேலியிலிருந்து எங்கள் அடுப்படி வாசல் வரைக்கும் இருந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அது அவமானமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகளைக் கூட்டிப்போக உம்மாமார் வந்து நிற்கிற நேரத்திலேயே ராத்தாவைக் கூப்பிட்டேன். அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகக் கேட்டேன். "முன் கேற் எதுக்கு ராத்தா இருக்கு? எங்கெங்க இருந்தோ சனம் வந்து பார்க்கிற மதில். நீங்க ஒரு ஆள்தான் அதப் பார்க்காம பின்னால பூந்து வாறீங்க. உங்களுக்காகத்தானே இத வரைஞ்சது? கொஞ்சமாவது நன்றி வேணாமா?"

ராத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "சரி டீச்சர். இனி ரோட்டால வாறன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த நாள் காலை நான் வகுப்பறை ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தேன். ராத்தா சந்தியில் திரும்பினார். மதில் தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு வலது கையை மதிலில் வைத்து, மெல்ல மெல்ல நடந்து வந்தார். நான் கேற்றடிக்கு ஓடினேன். அவருடைய உள்ளங்கை கடலின் மேல் வந்தது, படகின் மேல் வந்தது, அந்தத் தாயின் மேலும் குழந்தையின் மேலும் வந்தது. எனக்கு நெஞ்சு உருகிப்போனது. நேற்றுக் கொஞ்சம் கடுமையாகப் பேசியது நல்லதாகப் போயிற்று, பார், எப்படித் தடவித் தடவிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். போனை எடுத்துப் போட்டோ பிடித்தேன். பெண்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டு, "எங்கட ராத்தா படத்தத் தடவிப் பார்க்கிறா. இதுக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டோம்" என்றும் எழுதினேன். மளமளவென்று இதயப் படங்கள் வந்து விழுந்தன.

அவர் கேற்றுக்கு வந்து சேர்ந்தார். இரும்புக் கம்பி கையில் பட்டதும்தான் கண்ணைத் திறந்தார். அப்போதுதான் பார்த்தேன், அதுவரை அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். நான் போனோடு நிற்பதைக் கண்டதும், "வெயில் டீச்சர், கண் கூசுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சரி, வெயில்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. ராத்தாவுடைய கணவரின் தங்கச்சி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை தைக்க எங்களோடு இருந்தவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் அதட்டவில்லை.

"டீச்சர், குரூப்புல இருந்து அந்தப் போட்டோவ எடுத்துருங்க."

ஏன் என்று கேட்டேன்.

"மச்சி தடவிப் பார்க்கல்ல டீச்சர். அவ கண்ண மூடிக்கிட்டு வாறா. விழுந்துருவன் எண்டுதான் மதில்ல கைய வெச்சிக்கிட்டு வாறா."

பிறகு அவர் சொன்னதை நான் கட்டைச் சுவரில் இருந்தபடி கேட்டேன். அந்தப் படகில் செக்கச்சிவந்த பொழுதெல்லாம் இருக்கவில்லை. மழை. மேலே மூடுவதற்கு ஒன்றும் இல்லை. ராத்தாவின் மடியில் தலைப்பிள்ளை, பால்குடிக் குழந்தை. கடலின் நடுவில் அது குளிரில் விறைத்து மவுத்தாகிவிட்டது. ராத்தா பக்கத்தில் இருந்தவர்களிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையைக் கடலில் விட்டுவிடுவார்களோ என்று பயம். வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடி, நெஞ்சோடு அணைத்து, தூங்குகிற பிள்ளையைப்போல வைத்துக்கொண்டே கரை வரைக்கும் வந்திருக்கிறார். "அழாம நல்லாத் தூங்குது" என்று படகில் இருந்த பெண்கள் சொன்னார்களாம். கரையில் எங்கள் ஊர்ச் சனம் கையை நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி வந்து, "பிள்ளயத் தாங்க, நீங்க இறங்குங்க" என்று வாங்கியபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. எங்கள் ஊர் ஆண்கள்தான் கொண்டுபோய் அடக்கினார்கள். எந்த இடத்தில் என்று ராத்தாவுக்கு இன்றுவரை தெரியாது.

"அவக்குப் பிள்ள நாலு இல்ல டீச்சர், அஞ்சு" என்றார் அவர்.

தூங்குகிறது என்று நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, நான் சொன்னேன். விரலைப் பிடித்துத் துணியில் வைத்தேன். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சிரித்தேன். நடிப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினேன். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வோமே, அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

"இத ஏன் என்னிடம் முன்னமே சொல்லல்ல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எப்படி டீச்சர் சொல்றது? உங்கட ஆக்கள்ட படகுல வந்தோம். உங்கட ஊருல இருக்கிறோம். நீங்க நல்லது செய்யிற நேரம் நாங்க வாயத் திறந்தா நன்றி கெட்டதுகள் எண்டுதானே பேர் வரும்?"

முதல் நாள் அத்தனை பேருக்கு முன்னால் நான் கேட்டதும் அந்த நன்றியைத்தான். எங்கள் ஊரில் தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தாலும், பள்ளிக்கூடத்தில் இடம் இல்லாமல் போனாலும், கடைசியில் வந்து நிற்கிற பேச்சு ஒன்றுதான்: நாங்கள் இடம் தராவிட்டால் நீங்கள் எங்கே? நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் அதையே பெயின்ட் வாங்கி மதிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு ராத்தாவைப் பற்றியது இல்லை. படத்தைப் பற்றியது. முழுதாக அழிக்க வேண்டுமா, அந்தக் குழந்தையை மட்டும் ஒரு துணிமூட்டையாக மாற்றிவிட்டால் போதாதா என்று என் புத்தி கணக்குப் போட்டது. வாப்பாவின் படகு அழிந்துவிடுமே என்று இருந்தது. அந்த வாரம் புத்தளத்திலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்றும் இருந்தது. குழுவில் போட்ட போட்டோவைக்கூட அதற்குப் பிறகுதான் நீக்கினேன்.

அடுப்படிக்குப் போனேன். ராத்தா சட்டிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. "மச்சி கதைச்சிட்டாவா?" என்றார். எனக்குத் தெரியாது ராத்தா, எனக்குத் தெரியாது என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி நான் அழுதேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கதிரையில் இருத்தினார். கேத்திலை அடுப்பில் வைத்து, எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். அழ வேண்டியவர் அவர், ஆறுதல் சொன்னவரும் அவர்.

"உங்கட வாப்பா ஆக்கள் வராட்டி நாங்க எல்லாரும் மவுத்துத்தான் டீச்சர். அத நான் ஒருநாளும் மறக்கல்ல" என்றார். கேத்திலை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னார், "ஆனா வந்து இறங்கின பிறகு நான் கடலப் பார்க்கல்ல. இந்த ஊருல இருந்துக்கிட்டுக் கடல் கண்ணுல படாம போய்வர எனக்கு ஒரு வழி இருந்துச்சி. நீங்க அதக் கொண்டு வந்து ரோட்டுல வெச்சிட்டீங்க. அதுதான் டீச்சர்."

அழித்துவிடுவோம் என்றேன். "அதுல வாப்பாட படகு இருக்கே" என்றார் அவர். நான் நினைத்ததையே அவரும் நினைத்தார். நான் நினைத்தது எனக்காக, அவர் நினைத்ததும் எனக்காகத்தான். தன் கதையை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

படத்தை அழிக்கப் போகிறேன் என்றதும் ஊரில் ஒரே அமளி. ஏன் என்று கேட்டவர்களுக்கு, பிழையாக வரைந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, காசைத் தண்ணீராகக் கொட்டிவிட்டு இப்போது ஆட்டம் போடுகிறாள் என்றார்கள். தோட்டக்காரர் கேற்றடியில் வந்து நின்று சிரித்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு அது வலிக்கவில்லை. கொஞ்சம் ஏச்சு வாங்கினால் நல்லது என்றுகூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை வெள்ளையடிக்கத் தொடங்கினோம். காரணம் தெரியாமலே, சட்டை தைத்த ஊர்ப் பெண்களில் கொஞ்சப் பேர் வந்தார்கள். கேம்ப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள், அவர்களுக்குக் காரணம் எப்போதோ தெரியும். 'வாங்க, இது உங்கட ஊர்' என்ற வரியை நான் முதலில் அழித்தேன். வாப்பாவின் படகையும் நான்தான் அழித்தேன். பச்சை நிறம் லேசில் மறையவில்லை, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

அப்போது ராத்தா வந்தார். வீதியால்தான் வந்தார், கண்ணைத் திறந்துகொண்டே வந்தார். என் கையிலிருந்த தூரிகையைக் கேட்டார். வேண்டாம் ராத்தா, நீங்கள் போய் உள்ளே இருங்கள் என்றேன்.

"இல்ல டீச்சர். அந்த இடத்த நான் அடிக்கிறன்."

படகு போய்விட்டது, கடல் போய்விட்டது. அந்தத் தாயும் பிள்ளையும் மட்டும் வெள்ளை மதிலில் மிச்சம் இருந்தார்கள். ராத்தா தாயை ஒரே இழுப்பில் அழித்தார். குழந்தையிடம் வந்தபோது அவருடைய கை மெதுவாகிவிட்டது. காலிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே, போர்த்திவிடுகிற மாதிரி அடித்தார். முகத்துக்கு வந்ததும் குனிந்து ஒரு பெயரைச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"பேர் வெச்ச பிள்ள டீச்சர்" என்றார். பிறகு முகத்தையும் மூடினார்.

கேம்ப் பெண்கள் கையேந்தி துஆக் கேட்டார்கள். என்ன ஏது என்று தெரியாமலே எங்கள் ஊர்ப் பெண்களும் கையை ஏந்தினார்கள். எனக்கு என் கைகளைத் தூக்கவே தைரியம் வரவில்லை. ஆமீன் மட்டும் சொன்னேன்.

ராத்தா இப்போதும் எங்கள் பாலர் பாடசாலையில்தான் இருக்கிறார், முன் கேற்றால்தான் வருகிறார். இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பிள்ளட பேர மட்டும் விட்டுருங்க" என்றார். ஆகவே அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் பெருநாளைக்கு வாப்பாவின் படகுக் கதையைத் தொடங்குவார்கள். அத்தனை வருஷம் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்தாவிடம் எங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்காதவள் நான் என்று அப்போது நினைவு வரும். எங்கள் ஊர் மண்ணுக்குள்ளேயே எங்கேயோ கிடக்கிற அந்தப் பிள்ளையின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வேன்.